சீனாவில் நீலம் யாருடைய நிறம்?

ஒருவர் கேட்ட கேள்வி இதுதான். சீனத் தோழி ஒருவருக்குப் பிறந்தநாள் பரிசை நீலத் தாளில் சுற்றி எடுத்துப் போனபோது, கூட வேலை பார்ப்பவர் "நீலம் அவர்களுக்குத் துக்க நிறம், கொடுக்காதே" என்று தடுத்துவிட்டாராம். அது உண்மையா, உண்மை என்றால் சீனப் பீங்கானில் பாதிக்கு மேல் ஏன் நீலமாக இருக்கிறது, சீனாவின் இயற்கையில் நீலம் என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார். நான் பீங்கான் வாங்கி விற்கும் தொழிலில் இருப்பவன், இந்த நிறத்தோடுதான் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் பரிசு. தாராளமாகக் கொடுக்கலாம். இன்றைக்கு ஷாங்காயிலோ சென்செனிலோ வேலை பார்க்கும் ஒரு பெண் நீலத் தாளைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டார். ஆனால் தடுத்தவர் சொன்னது வெறும் கட்டுக்கதையும் இல்லை. சீனர்களின் துக்க நிறம் வெள்ளை, அதற்குத் துணையாக வருவதுதான் நீலம். சாவு விழுந்த வீட்டு வாசலில் வெள்ளைத் தாள் விளக்கு தொங்கும், அதில் நீல எழுத்தில் குடும்பப் பெயர் இருக்கும். புத்தாண்டுக்கு எல்லா வீட்டு நிலையிலும் சிவப்புத் தாளில் வாழ்த்து ஒட்டுவார்கள் அல்லவா, அந்த வருடம் துக்கம் நடந்த வீட்டில் சில ஊர்களில் நீலத் தாளோ பச்சைத் தாளோ ஒட்டுவார்கள். சீனாவின் கடைசி அரசமரபான சிங் அரசமரபில் இது அரண்மனை வரைக்கும் போனது: சக்கரவர்த்தி கோப்புகளில் எப்போதும் சிவப்பு மையில்தான் குறிப்பு எழுதுவார், முந்தைய சக்கரவர்த்தி இறந்தால் மட்டும் 27 நாளுக்கு அந்தச் சிவப்பு மை நீல மையாக மாறும். மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் பக்கம் இருக்கும் பாபா-நோன்யா எனப்படும், மலாய்ப் பழக்கங்கள் கலந்த சீன வம்சாவளிக் குடும்பங்களில் கல்யாணத்துக்கு இளஞ்சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகக் கண்ணைப் பறிக்கும் பாத்திரம் எடுப்பார்கள், முன்னோருக்குப் படைக்கவும் துக்கத்துக்கும் நீல-வெள்ளைப் பாத்திரம். அதனால் கல்யாணம், புத்தாண்டு, வயதான பெரியவர்கள் என்றால் சிவப்போ பொன்னிறமோ பாதுகாப்பு. வெள்ளையும் நீலமும் கலந்த தாளைத் தவிர்த்துவிடுங்கள். மற்றபடி கவலையே வேண்டாம்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். சிவப்பு மங்கலம், மஞ்சள் சக்கரவர்த்தி என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, நீலத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் பலரும் "துக்கம்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது மனசுக்குச் சங்கடமாக இருக்கும். ஏனென்றால் சீனாவில் நீலம் இரண்டு கோடியிலும் நிற்கிற நிறம். ஒரு கோடியில் வானம், சக்கரவர்த்தியே மண்டியிட்டு வணங்கிய வானம். இன்னொரு கோடியில் வயலில் குனிந்து நாற்று நட்டவரின் பருத்திச் சட்டை. நடுவில் இருந்த அதிகாரமும் பகட்டும் சிவப்புக்கும் ஊதாவுக்கும் மஞ்சளுக்கும் போய்விட்டது. பழைய ஐந்து நிறக் கணக்கில் நீலமும் பச்சையும் சேர்ந்து ஒரே நிறமாக, 'சிங்' என்ற பெயரில் (சிங் அரசமரபின் பெயர் வேறு சொல்), கிழக்குத் திசைக்கும் வசந்தத்துக்கும் மரம் என்ற மூலகத்துக்கும் உரியதாக வரும், கிழக்கைக் காக்கும் நாகமும் அந்த நிறம்தான். அதனால் பழைய நூல்களில் படிக்கும்போது இது நீலமா பச்சையா என்று அடித்துச் சொல்ல முடியாத இடங்கள் நிறைய வரும். அதில் சண்டை போட்டுப் பயனில்லை.

வானத்தின் நீலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பெய்ஜிங் வானக் கோயிலுக்குப் போக வேண்டும். நல்விளைச்சலுக்கு வேண்டிக்கொள்ளும் அந்த வட்ட மண்டபத்துக்கு மூன்று அடுக்குக் கூரை, மூன்றும் அடர்நீல ஓடு. முதலில் அப்படி இல்லை. 1545-இல் கட்டியபோது மேல் அடுக்கு நீலம், நடு அடுக்கு மஞ்சள், கீழ் அடுக்கு பச்சை. 1751-இல் சியென்லுங் சக்கரவர்த்தி மூன்றையும் நீலமாக மாற்றினார். எனக்கு அது மிகச் சரியான முடிவாகத் தோன்றும். அரண்மனை நகரம் முழுக்க மஞ்சள் ஓடு, அது அவருடைய வீடு. இங்கே வந்தால் வீடு வானத்தினுடையது, அங்கே தன் மஞ்சளுக்கு இடமில்லை என்று அவரே ஒதுங்கிக்கொண்ட மாதிரி இருக்கிறது. 1889-இல் இடி விழுந்து மண்டபம் எரிந்துபோனது, 1896-இல் பழையபடியே திரும்பக் கட்டி முடித்தார்கள், இன்று நாம் பார்ப்பது அதுதான். உடையும் அப்படியே. சிங் காலத்தில் குளிர்காலத் திருப்பு நாளில் வானத்துக்குப் பலி கொடுக்கும்போது சக்கரவர்த்தி நீல அங்கி, பூமிக்கு மஞ்சள், சூரியனுக்குச் சிவப்பு, நிலவுக்கு வெளிறிய நீலம். படைக்கும் பாத்திரங்களின் நிறமும் இதே வரிசையில்தான் இருக்கும்.

இப்போது அடுத்த கோடி. 7 முதல் 10-ஆம் நூற்றாண்டு வரை ஆண்ட தாங் அரசமரபில் அதிகாரிகளின் உடை நிறத்தைப் பாருங்கள்: உச்சியில் இருப்பவருக்கு ஊதா, அடுத்து சிவப்பு, அடுத்து பச்சை, கடைசியில் எட்டாம் ஒன்பதாம் நிலைக்காரருக்கு நீலம். அதாவது அரசாங்க வேலையில் நீலம் என்றால் அடிமட்டம். பிற்பாடு, சிங் அரசமரபுக்கு முன்னால் ஆண்ட மிங் காலத்தில் பருத்தி நாடெங்கும் பரவியபோது, பருத்திக்கு நன்றாகப் பிடிக்கிற, வெயிலிலும் துவைப்பிலும் தாங்குகிற, தோட்டத்திலேயே வளர்த்து எடுத்துக்கொள்ளக்கூடிய சாயம் என்று பார்த்தால் அவுரி நீலம்தான். அப்புறம் விவசாயி, கூலிக்காரர், படகோட்டி, குழந்தையைத் தூக்கும் தொட்டில் துணி, படுக்கை விரிப்பு எல்லாம் நீலம்.

சீனாவில் நீலச் சாயம் தரும் செடி ஒன்றல்ல. நம்மூர் அவுரி தெற்கே உண்டு. மத்தியிலும் வடக்கிலும் நீர்மிளகுச் செடி வகை ஒன்று, மலைப்பக்கம் குறிஞ்சி இனத்தைச் சேர்ந்த ஒரு புதர்ச்செடி, இன்னொன்று கடுகுக் குடும்பத்துச் செடி. இந்தக் கடைசிச் செடியின் வேர்தான் பன்லாங்கென் என்று எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கும் சளி மருந்து. 2003-இல் சார்ஸ் வந்தபோது குவாங்துங்கில் சனங்கள் முண்டியடித்து வாங்கியது இதைத்தான். செடி வேறானாலும் சாயம் ஒன்றே. இலையைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டு, சக்கையை எடுத்துவிட்டு, சுண்ணாம்பு போட்டு அடிஅடியென்று அடித்தால் நுரை பொங்கி, கடைசியில் அடியில் நீலச் சேறு தங்கும். அந்தச் சேறு அப்படியே துணியில் ஏறாது, தண்ணீரில் கரையவே கரையாது. அதைச் சாம்பல் நீர், சுண்ணாம்பு, அரிசி மது எல்லாம் சேர்த்துத் தொட்டியில் நொதிக்க விடவேண்டும்.

யுன்னானில் தாலி நகரத்துக்கு வடக்கே சோசெங் என்று பாய் மக்களின் ஊர் இருக்கிறது, அங்கே சாயத் தொட்டியை எட்டிப் பார்த்தால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். உள்ளே இருப்பது நீலமே இல்லை, மஞ்சள் கலந்த பச்சை. மேலே மட்டும் செம்பு மாதிரி மினுக்கும் நீல நுரை மிதக்கும், அந்த நுரை நன்றாக எழும்பினால்தான் தொட்டி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். நூலால் நூற்றுக்கணக்கான இடங்களில் இறுக்கிக் கட்டிய வெள்ளைத் துணியை அதில் அமுக்கி எடுப்பார்கள், வெளியே வரும்போது துணி இளம்பச்சையாக இருக்கும், காற்று பட்டதும் ஓரத்திலிருந்து நீலம் பரவ ஆரம்பித்து, கண்ணெதிரே முழுத்துணியும் நிறம் மாறும். ஒரு முக்கு போதாது. முக்கி, காற்றில் பிடித்து, மறுபடி முக்கி, வேண்டிய அடர்த்தி வரும் வரை. அப்புறம் காய்ந்ததும் கட்டை ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டும், கட்டிய பெண்ணுக்கே முழு உருவமும் அப்போதுதான் தெரியும்.

குய்சோ மலைகளில் மியாவ் பெண்கள் கட்டுவதற்குப் பதில் தேன்மெழுகைச் சூடாக்கி, சிறிய செம்புத் தகட்டுக் கத்தியால் துணியில் கோடு வரைவார்கள். பென்சில் குறி கிடையாது, அச்சு கிடையாது, மனசில் இருக்கும் சுழியும் பறவையும் நேரே துணிக்கு வரும். மெழுகு இருந்த இடம் வெள்ளையாக நிற்கும். பக்கத்திலேயே தோங் மக்கள் நீலத் துணிக்கு முட்டை வெள்ளைக்கரு தடவிக் கட்டையால் அடித்து உலோகம் மாதிரி பளபளக்க வைக்கிறார்கள். கிழக்கே நான்தோங்கில் வேறு வழி: எண்ணெய் பூசிய தாளில் உருவம் வெட்டி, அதைத் துணிமேல் வைத்து, சோயா மாவும் சுண்ணாம்பும் குழைத்த பசையை வழித்துவிடுவார்கள், பசை மூடிய இடம் சாயம் குடிக்காது. தாலி, குய்சோவின் தான்சாய், நான்தோங் மூன்று கைவினையும் 2006-இல் சீன அரசின் மரபுக்கலைப் பட்டியலில் முதல் தவணையிலேயே சேர்ந்தன.

இந்தச் சாயத்துக்கு நம்மோடு ஒரு தொடர்பும் உண்டு. பினாங்கு ஜார்ஜ்டவுனில் சியோங் ஃபாட் சே என்ற வியாபாரி 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய நீல மாளிகையைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தச் சுவர் நீலம் சுண்ணாம்பில் அவுரி கலந்து பூசியது, அவுரி வந்தது இந்தியாவிலிருந்து.

1897-இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் செயற்கை அவுரியை விற்க ஆரம்பித்த பிறகு சீனாவிலும் செடிச் சாயம் மெல்ல மெல்லச் சுருங்கியது. ஆனால் நீலம் போகவில்லை. 1930-களில் ஷாங்காயில் இண்டான்த்ரீன் என்ற வெளுக்காத ஜெர்மன் நீலத் துணிக்குப் பெரிய மோகம், மாணவிகளின் மேல்சட்டையும் சாதாரண நாளுக்கான சீபாவ் என்ற உடலோடு ஒட்டிய நீள உடையும் அதில்தான். 1949-க்குப் பிறகு மூன்று பத்தாண்டுகளுக்கு ஆணும் பெண்ணும் போட்ட காலர் வைத்த சட்டை நீலம், இல்லாவிட்டால் சாம்பல், இல்லாவிட்டால் பச்சை. வெளிநாட்டுக்காரர்கள் அதைப் பார்த்து எல்லோரையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டார்கள் என்று எழுதினார்கள். ஒரேமாதிரி ஆக்கியது உண்மைதான். ஆனால் அந்த நீலம் மேலிருந்து திடீரென்று விழுந்தது இல்லை, கிராமத்துக்காரர்கள் முன்னூறு நானூறு வருடமாகப் போட்டுக்கொண்டிருந்த நிறம் அது, அதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தப் புகைப்படங்களைப் பார்த்தால் வேறு மாதிரி தெரியும்.

பீங்கானுக்கு வருவோம், என் சொந்த இடம். பலர் நினைப்பதுபோல் நீல-வெள்ளைப் பீங்கான் சீனர்களின் ஆதி ரசனை இல்லை. தாங் காலத்தில் ஹெனான் மாகாணத்துச் சூளைகளில் கொஞ்சம் செய்து பார்த்திருக்கிறார்கள். இந்தோனேசியாவின் பெலிதுங் தீவுப் பக்கம் 9-ஆம் நூற்றாண்டில் மூழ்கிய ஓர் அரபுக் கப்பல் 1998-இல் கிடைத்தது, அதில் சுமார் 60,000 பாண்டங்கள், அத்தனையில் முழுசாக இருந்த நீல-வெள்ளைத் தட்டு மூன்றே மூன்று. அப்புறம் சொங் காலத்து ரசனை முழுக்க ஒற்றை நிறம், அமைதியான மெருகு (பாண்டத்தின் மேல் கண்ணாடி மாதிரிப் படியும் பூச்சு) என்று போய்விட்டது, வெள்ளையில் நீலப் பூ வரைவது அவர்களுக்குக் கொச்சையாகப் பட்டிருக்கும். மங்கோலியர் யுவான் ஆட்சியில்தான் எல்லாம் மாறியது. மங்கோலியருக்கு நீல வானமும் வெள்ளையும் புனிதம், பாரசீகச் சந்தைக்கு நீலம் பிடிக்கும், பாரசீகத்திலிருந்து நீலம் தரும் கோபால்ட் தாது வரும், ஜியாங்சி மாகாணத்து ஜிங்தெஜெனில் அப்பழுக்கில்லாத வெள்ளை மண் இருக்கிறது. நாலும் ஒரே நூற்றாண்டில் சேர்ந்தன. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் ஒரு ஜோடிப் பூச்சாடியில் 1351-ஆம் வருடத்தைக் குறிக்கும் வாசகமே எழுதியிருக்கிறது: சாங் வென்ஜின் என்பவர் குடும்ப நலனுக்காகக் கோயிலுக்குக் கொடுத்த காணிக்கை. யுவான் காலத்துப் பாண்டம் எதற்கு வயது சொல்ல வேண்டுமானாலும் அந்த ஜோடியைத்தான் அளவுகோலாக வைக்கிறார்கள்.

நம் கரைக்கும் இந்தப் பாண்டங்கள் வந்திருக்கின்றன. ராமநாதபுரம் பக்கம் பெரியபட்டினத்தில் தோண்டியபோது 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் துண்டுகள் குவியலாகக் கிடைத்தன.

ஜிங்தெஜென் பட்டறையில் உட்கார்ந்து பார்த்தால் எனக்கு ஒவ்வொரு தடவையும் ஆச்சரியமாக இருப்பது, அங்கே வரைகிறவர் கையில் நீலமே இருக்காது என்பதுதான். அரைத்த கோபால்ட் கலவை கறுப்பாக, சாம்பல் படிந்த மையாக இருக்கும். சுடாத மண் பாண்டம் காய்ந்து கிடக்கும், தூரிகை பட்ட நொடியில் ஈரத்தைக் குடித்துவிடும், அதனால் அழித்துத் திருத்துவது என்ற பேச்சே இல்லை. ஒருவர் கோடு மட்டும் போடுவார். இன்னொருவர் வயிறு பெருத்த தூரிகையில் நிறையக் கலவையைத் தூக்கி, தூரிகை முனை மண்ணைத் தொடாமல், சொட்டும் நீர்க்கட்டு மட்டும் பாண்டத்தில் ஓடும்படி நிரப்புவார். எங்கே அடர்த்தி, எங்கே வெளிறல் என்பதை அவர் கறுப்பிலேயே கணக்குப் போட வேண்டும், நீலத்தைச் சூளை திறந்த பிறகுதான் பார்க்க முடியும். அதன்மேல் மெருகுக் கலவை மூடும்போது வரைந்தது கண்ணுக்கே மறைந்துவிடும். பிறகு ஏறத்தாழ 1300 டிகிரி சூடு. 1637-இல் சொங் யிங்சிங் தொகுத்த தொழில்நுட்ப நூலில் ஒரு கோப்பை முடிவதற்குள் 72 கைகள் மாறுகிறது என்று எழுதியிருக்கிறார், இன்றும் கை வேலை செய்யும் பட்டறையில் அந்தப் பிரிவினையைப் பார்க்கலாம்.

எந்த ஊர்த் தாது என்பதுதான் நிறத்தைத் தீர்மானிக்கும். பாரசீகத் தாதுவில் இரும்பு அதிகம், மாங்கனீஸ் குறைவு, அதனால் மிங் காலத்து யுங்லோ, சுவாந்தெ ஆட்சிப் பாண்டங்களில் நீலம் ஆழமாக இறங்கி, தாது திரண்ட இடத்தில் கரும்புள்ளி விழுந்து மெருகையே குழியாக்கியிருக்கும். உள்ளூர்த் தாதுவில் மாங்கனீஸ் அதிகம், நீலம் சாம்பல் சாயலில் அடங்கி நிற்கும். விலைக்கு வருபவர்கள் இந்தக் கரும்புள்ளியைத்தான் முதலில் தடவிப் பார்ப்பார்கள், பிற்காலத்தில் போலி செய்தவர்கள் தூரிகை நுனியால் புள்ளி வைத்து ஏமாற்றப் பார்த்ததும் அதனால்தான், ஆனால் வைத்த புள்ளி ஒழுங்காக இருக்கும், தானாக விழுந்த புள்ளிக்கு ஒழுங்கு கிடையாது. 1611-இல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் அர்தபில் நகரத்து சமாதிக் கோயிலுக்கு 1,162 சீனப் பீங்கான்களைக் கொடுத்தார், அவற்றில் பெரும்பகுதி நீல-வெள்ளை. அவர்கள் மண்ணிலிருந்து போன கல், சீனாவின் மண்ணில் ஏறி, அவர்களிடமே பாண்டமாகத் திரும்பியது. ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரம் 17-ஆம் நூற்றாண்டில் காப்பியடித்ததும் இதைத்தான்.

பீங்கானைவிட எனக்கு மனசைப் பிசைவது மீன்கொத்திச் சிறகு வேலை. தியென்சுய் என்பார்கள். பொன் முலாம் பூசிய வெள்ளித் தகட்டில் பூவோ வண்ணத்துப்பூச்சியோ செய்து, ஓரத்தில் மெல்லிய கம்பி வரம்பு வைத்து, உள்ளே மீன்கொத்தியின் சிறகைத் துண்டு துண்டாக வெட்டி வஜ்ஜிரப் பசையில் ஒட்டுவது. ஒட்டும்போது சிறகின் இழை எல்லாம் ஒரே பக்கம் படிய வேண்டும், ஓர் இழை கோணினாலும் வெளிச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும். மிங் சக்கரவர்த்தி வான்லியின் கல்லறையை 1950-களில் திறந்தபோது அரசியின் மகுடம் கிடைத்தது, பொன் நாகங்களும், முத்தும் கல்லும், சிறகால் இழைத்த பறவைகளுமாக. 300 வருடத்துக்கு மேல் மண்ணுக்கடியில் கிடந்தும் அதன் நீலம் பிழைத்திருக்கிறது. காரணம், மீன்கொத்தியின் சிறகில் நீல நிறமி என்று ஒன்று கிடையாது. சிறகு இழைக்குள் கெரட்டின் என்ற புரதத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஒரே அளவில் இருக்கும், அவை வெளிச்சத்தில் நீலத்தை மட்டும் வலுவாகத் திருப்பி அனுப்புகின்றன. சாயம் இருந்தால் வெளுக்கும், அமைப்புக்கு வெளுப்பு இல்லை.

விலை கொடுத்தது பறவை. சீனப் பறவைகள் போதாமல் கம்போடியா, வியட்நாம் காடுகளிலிருந்து சிறகு வந்தது. 1296-இல் அங்கோருக்குத் தூதுக்குழுவோடு போன சோ தாகுவான் இதை எழுதி வைத்திருக்கிறார்: வேடர் குளக்கரையில் இலைகளுக்குள் மறைந்து உட்கார்ந்து, கூண்டில் ஒரு பெட்டை மீன்கொத்தியை வைத்து, சேவல் பறவை வந்ததும் சின்ன வலையில் பிடிப்பார், சில நாள் மூன்று முதல் ஐந்து வரை கிடைக்கும், சில நாள் ஒன்றும் கிடைக்காது. இப்படி ஒவ்வொன்றாகப் பிடித்த பறவைகள்தான் சீனப் பெண்களின் கொண்டை ஊசியிலும் நாடக மேடைத் தலையணியிலும் போய் முடிந்தன. சீன ஓபராக்காரர்கள் பழைய தலையணிகளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், புதிதாகச் செய்கிறவர்கள் சாயமேற்றிய வாத்துச் சிறகும் பட்டு நாடாவும் வைத்துச் செய்கிறார்கள், அதில் அந்த மினுக்கம் இல்லைதான், இருந்தாலும் அதுதான் நியாயம் என்பேன்.

ஓவிய நீலம் கல்லிலிருந்து வந்தது. வடமேற்குச் சீனாவில் துன்ஹுவாங் பௌத்தக் குகைச் சுவர்களில் இருக்கும் ஆழமான நீலத்தில் ஒரு பகுதி ஆஃப்கானிஸ்தானின் படக்ஷான் மலையிலிருந்து வணிகர்கள் சுமந்து வந்த லாப்பிஸ் கல். அந்தக் குகைகளில் ஈயச் சிவப்பு பூசிய முகங்கள் காலப்போக்கில் கறுத்துவிட்டன, நீலமும் பச்சையும் நிற்கின்றன. சீனாவுக்குள்ளேயே கிடைத்தது அசுரைட், செம்புத் தாது. அதை அரைத்துத் தண்ணீரில் கலக்கித் தெளிய விட்டால் பருமனான துகள் முதலில் அடியில் படியும், அது கருநீலம், மேலே மிதக்கும் நுண்தூள் வெளிர்நீலம், ஒரே கல்லிலிருந்து நாலைந்து நீலம் பிரித்துவிடலாம். 1113-இல் வாங் சிமெங் என்ற 18 வயதுப் பையன் ஏறத்தாழ 12 மீட்டர் நீளப் பட்டில் மலைகளையும் ஆறுகளையும் இந்த நீலத்தால் வரைந்து வைத்தான், அடியில் காவிப் பூச்சு கொடுத்து அதன்மேல் நீலம் ஏற்றினதால் மலை உச்சிகள் உள்ளிருந்து சூடாகத் தெரியும். அந்தப் பையன் வரைந்ததாக நமக்குக் கிடைத்திருப்பது அந்த ஒரே ஓவியம். பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது, எப்போதாவதுதான் வெளியே எடுப்பார்கள்.

இதற்கும் முன்னால், கி.மு. காலத்திலேயே, பேரியம், செம்பு, மணல் மூன்றையும் ஈயத்தின் துணையோடு 900, 1000 டிகிரியில் சுட்டு செயற்கை நீலமும் ஊதாவும் செய்திருக்கிறார்கள். அந்த ஊதாதான் சியான் நகரத்தருகே முதல் சக்கரவர்த்தியின் கல்லறைக்குக் காவலாகப் புதைத்த சுடுமண் வீரர்களின் உடையில் இருந்தது. ஹான் காலத்தோடு அந்தக் கலை நின்றுபோனது, ரசாயன ரீதியாக இன்னதென்று அடையாளம் கண்டதே 1980-களில்தான்.

சீன இயற்கையில் நீலம் எங்கே என்ற கேள்விக்கு இங்கிருந்து போகலாம், ஏனென்றால் சொங் காலத்து ஜுன் பாண்டத்தின் பால்நீலமும் மீன்கொத்தி மாதிரிதான். மெருகு ஆறும்போது கண்ணாடிக்குள் கண்ணாடியாக நுண்துளிகள் பிரிந்து, அவை வெளிச்சத்தைச் சிதறடித்து நீலம் காட்டுகின்றன. வானம் நீலமாகத் தெரிவதும் சிதறலால்தான். சிச்சுவானின் ஜியுசாய்கோ பள்ளத்தாக்கு ஏரிகளின் நீலத்திலும் சிதறல் உண்டு. தண்ணீர் சிவப்பை உறிஞ்சிக்கொள்ளும், நீரில் மிதக்கும் சுண்ணத் துகள் நீலத்தைச் சிதறவிடும், அடியில் வெள்ளைச் சுண்ணப் படிவு, அங்கங்கே பாசி. ஐம்பூ ஏரி என்பதில் நின்று பார்த்தால் தண்ணீர் மயில் கழுத்து நிறத்தில் இருக்கும், உள்ளே விழுந்து கிடக்கும் மரங்கள் கிளையோடு தெரியும். வானதேவதை ஒருத்தியின் கண்ணாடி கை தவறி உடைந்து ஏரிகளானது என்பது அங்கே இருக்கும் திபெத்தியர் கதை. 2017 ஆகஸ்ட் 8-ஆம் தேதி வந்த நிலநடுக்கத்தில் அங்கே ஒரு ஏரியின் சுண்ணக் கரை உடைந்து தண்ணீர் முழுக்க வடிந்துவிட்டது, பிறகு கரையைச் சீர்செய்து நிரப்பினார்கள். சிங்காய் ஏரி வேறு விதம், 3,200 மீட்டர் உயரத்தில் 4,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த உப்பு நீர், கரையில் நிற்கும்போது கடல் என்றே தோன்றும்.

மேற்கு மலைகளில் இன்னும் உண்டு. சிச்சுவான், ஷான்சி காடுகளில் இருக்கும் பொன்னிறக் குரங்குக்கு முகம் வெளிர்நீலம், அதன் தோலிலும் நீல நிறமி இல்லை, தோலின் நார் அமைப்பு செய்யும் வேலை. யுன்னான், சிச்சுவான், திபெத் உயரங்களில் நீலப் பாப்பிச் செடிகள் பூக்கும், அதில் சில இனங்கள் பல வருடம் இலையாகவே இருந்து ஒரே தடவை பூத்துச் செத்துவிடும். பூவின் நீலத்துக்கு இரும்பும் மக்னீசியமும் வேண்டும், அவை பூவின் நிறமியோடு சேர்ந்தால்தான் சிவக்க வேண்டியது நீலமாகிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் பெய்ஜிங் பூங்காக்களிலேயே நீண்ட வாலும் வெளிர்நீலச் சிறகுமாக ஒரு வகைப் பறவை கூட்டமாகக் கத்திக்கொண்டு திரிவதைப் பார்க்கலாம், நீலச்சிறகு மேக்பை என்பார்கள்.

கடைசியாக வானத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2013 ஜனவரியில் பெய்ஜிங் புகையில் மூழ்கிக் கிடந்தது. 2014 நவம்பரில் ஏபெக் என்ற ஆசிய-பசிபிக் நாடுகளின் பொருளாதார மாநாட்டுக்காகத் தொழிற்சாலைகளை நிறுத்தி, வண்டிகளைக் குறைத்து வானத்தைத் தெளியவைத்தபோது சனங்கள் அதற்கு "ஏபெக் நீலம்" என்று பெயர் வைத்தார்கள், விருந்தாளி போனதும் போய்விடும் நீலம் என்ற வேதனை அதில் இருந்தது. பிறகு நிலக்கரி அடுப்புகளை மாற்றினார்கள், 2018-இல் நீலவானப் பாதுகாப்புப் போர் என்றே பெயரிட்டு மூன்று வருடத் திட்டம் போட்டார்கள். பெய்ஜிங் காற்றில் நுண்தூசியின் வருடச் சராசரி 2013-இல் ஒரு கனமீட்டருக்கு 89.5 மைக்ரோகிராம், 2021-இல் 33. உலக சுகாதார அமைப்பு சொல்லும் அளவுக்கு அது இன்னும் பல மடங்கு அதிகம், ஆனால் அங்கே குழந்தை வளர்ப்பவர்களுக்கு இது சாதாரண வித்தியாசம் இல்லை.

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு: ஜியுசாய்கோவுக்கு அக்டோபர் கடைசி, இலை சிவக்கும் நேரம், சீன தேசிய விடுமுறை வாரத்தைத் தாண்டிப் போங்கள். நீலப் பாப்பிக்கு ஜூன், ஜூலை, மழைக்கோட்டோடு. சிங்காய் ஏரிக்கு ஜூலை, கரையெல்லாம் கடுகு இனப் பூ மஞ்சளாக இருக்கும். வானக் கோயிலுக்கு வாயில் திறக்கும் நேரத்திலேயே போய்விடுங்கள், பூங்காவில் முதியவர்கள் உடற்பயிற்சி செய்துகொண்டிருப்பார்கள், கூரை ஓட்டில் சாய்வாக வெயில் விழும். ஜிங்தெஜெனில் கடைத்தெருவில் எதையும் வாங்குவதற்கு முன்னால் பழைய அரச சூளை அருங்காட்சியகத்துக்குப் போய், அரண்மனைக்குத் தகுதியில்லை என்று அந்தக் காலத்தில் உடைத்துப் புதைத்த பாண்டங்களை இப்போது ஒட்டி வைத்திருப்பதை ஒரு மணி நேரமாவது பாருங்கள். அதற்கப்புறம் கடையில் விற்பவர் எந்த நீலத்தைக் காட்டினாலும் கண் தானாகவே எடை போட ஆரம்பிக்கும்.